பெரிய வெள்ளியன்று வந்த யுத்தம்

கான்சாஸ் மாநிலத்தில் ஒன்றரை வருஷம் குப்பை கொட்டிய காலத்தில், பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன்னோட சர்ச்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். எனக்குப் பக்தியெல்லாம் கிடையாது, ஆராதனை முடிந்ததும் பேன்கேக் உண்டு என்று சொன்னதால் போனேன் (உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்). சின்ன கிராமத்துச் சர்ச். பிரசங்க மேடைக்கு ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி. தேவாலயத்துக்குள்ள தேசியக்கொடி எதுக்குன்னு எனக்கு உறுத்தியது. பேன்கேக் சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். முதல் யுத்தத்தின்போது வைத்தது என்றார். கொஞ்சம் நிறுத்தி, அதுக்கு முன்னாடி இங்கே பிரசங்கமே ஜெர்மன் மொழியில்தான் நடந்தது, கொடி உள்ளே வந்தபோது மொழி வெளியே போய்விட்டது என்றார். அதுக்கு மேல் அவர் பேசவில்லை, சிரப் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த ஒரு வரி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அப்போதிலிருந்து 1917-18 பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாடு யுத்தத்துக்குப் போகும்போது, "கொலை செய்யாதிருப்பாயாக" என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஜனாதிபதி உட்ரோ வில்சன், ஒரு பிரஸ்பிடேரியன் போதகரின் மகன். "நம்மை யுத்தத்தில் இழுத்துவிடாமல் காத்தவர்" என்ற கோஷத்தை வைத்துத்தான் 1916 தேர்தலில் அவருக்கு ஓட்டு கேட்டார்கள். அதே மனிதர் 1917 ஏப்ரல் 2-ஆம் தேதி ராத்திரி காங்கிரஸ் சபைக்கு வந்து ஜெர்மனி மீது யுத்தம் அறிவிக்கச் சொன்னார். செனட்டில் 82-க்கு 6. பிரதிநிதிகள் சபையில் விடிய விடிய பேசி, 373-க்கு 50. வில்சன் கையெழுத்துப் போட்ட ஏப்ரல் 6, பெரிய வெள்ளி! சிலுவையில் தொங்கியவர் எதிரிகளை மன்னித்த நாள். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். நாட்டில் இருந்த அத்தனை போதகர்களும், யுத்தம் அறிவித்த 2 நாளில், உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியாக வேண்டும். என்னத்தைப் பேசியிருப்பார்கள்!

பெரும்பாலானவர்கள் என்ன பேசினார்கள் என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. இது சிலுவைப்போர், இது பரிசுத்த யுத்தம் என்று வாஷிங்டனின் எபிபனி சர்ச் போதகர் ராண்டால்ஃப் மெக்கிம் முழங்கினார். அந்த ஈஸ்டர் ஞாயிறன்றே நியூயார்க்கில் பில்லி சண்டேயின் கூட்டம் ஆரம்பமானது. இந்த பில்லி சண்டே ஒரு சுவாரசியமான ஆள். முன்னாள் பேஸ்பால் வீரர், அப்புறம் எழுப்புதல் பிரசங்கியார். மேடையில் ஓடுவார், சறுக்குவார், நாற்காலியைத் தூக்குவார், மேஜை மேல் ஏறி நிற்பார். அவருக்காகவே மரத்தால் ஒரு பிரம்மாண்டமான கொட்டகை கட்டி, தரையெல்லாம் மரத்தூள் பரப்பியிருந்தார்கள். நரகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஜெர்மனியில் தயாரித்தது என்று முத்திரை இருக்கும் என்பது அவருடைய பிரபலமான வசனம். அந்தக் கூட்டங்களில் அவருக்கென்று வந்த காணிக்கை சுமார் 1,20,000 டாலர், இன்றைய மதிப்பில் பல மில்லியன். ஒரு காசு எடுத்துக்கொள்ளாமல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் கொடுத்துவிட்டார். இதையும் சொல்லித்தான் ஆகணும். ஆளை முழுக்க வில்லனாக்க முடியாது.

புரூக்ளின் பிளிமத் சர்ச்சின் நியூவெல் டுவைட் ஹில்லிஸ் விஷயம் வேறு. ஊர் ஊராகப் போய் லிபர்ட்டி கடன் பத்திரங்களை விற்கப் பேசியவர். பேச்சு முழுக்க ஜெர்மன் சிப்பாய்களின் கொடூரங்கள், கேட்டவர்களுக்குக் குலை நடுங்கும். அந்த வேகத்தில் ஜெர்மன் சிப்பாய்களுக்கு மலடாக்கும் அறுவை செய்ய வேண்டும் என்ற யோசனை வரைக்கும் போனார். இவர் சாதாரண மேடையில் நிற்கவில்லை. அடிமைமுறைக்கு எதிராக ஹென்றி வார்டு பீச்சர் முழங்கிய அதே சர்ச்!

இதில் ஒரு சிக்கல். பெல்ஜியத்தில் 1914-இல் ஜெர்மன் ராணுவம் பொதுமக்களைக் கொன்றது கற்பனை கிடையாது. ஏறக்குறைய 6,000 பேர். லூவன் நகரத்து நூலகத்தையே கொளுத்தினார்கள். அந்த உண்மையின் மேல்தான் ஆயிரம் பொய்களை அடுக்கினார்கள். ஜெர்மானியர் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கும் ஆலை நடத்துகிறார்கள் என்பது அதில் ஒன்று. அது கட்டுக்கதை என்று 1925-இல் பிரிட்டிஷ் அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதுக்குள் பிரசங்கமெல்லாம் முடிந்து, புத்தகமெல்லாம் விற்று, பையன்கள் செத்து 7 வருஷம் ஆகியிருந்தது.

இவர்கள் எல்லாரும் முட்டாள்களா, கூலிக்கு மாரடித்தவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் காலத்து முற்போக்குப் போதகர்கள் குழந்தைத் தொழிலாளர், சேரி, கூலி என்று சமூகத்தைச் சீர்திருத்தப் பாடுபட்டவர்கள். உலகத்தில் ஜனநாயகம் வந்தால் அதுவே தேவனுடைய ராஜ்யத்துக்கு முதல் படி என்று நிஜமாகவே நம்பினார்கள். யுத்தங்களுக்கெல்லாம் முடிவு கட்டும் யுத்தம் இது என்று வில்சன் தரப்பு சொன்னபோது, அது அவர்களுடைய சொந்தக் கனவு மாதிரியே கேட்டது. நல்லவர்கள்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலையும் நிறைய செய்தார்கள். 1908-இல் ஆரம்பித்த சர்ச்சுகளின் கூட்டமைப்பு, ராபர்ட் ஸ்பியர் தலைமையில் யுத்தகாலக் கமிஷன் ஒன்றை அமைத்தது. கத்தோலிக்கர்கள் ஜான் பர்க் என்ற பாதிரியார் முன்முயற்சியில் 1917 ஆகஸ்டில் தேசிய கத்தோலிக்க யுத்தக் கவுன்சிலைத் தொடங்கினார்கள். யூதர்கள் ஏப்ரலிலேயே தங்கள் நல வாரியத்தை அமைத்துவிட்டார்கள். கத்தோலிக்கர்களுக்கு இது மானப் பிரச்சினை. உனக்கு ரோம் பெரிசா, வாஷிங்டன் பெரிசா என்ற கேள்வியை அவர்கள் ஒரு நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோதனை மாதிரி 1917 ஆகஸ்ட் 1-இல் போப் பதினைந்தாம் பெனடிக்ட் சமாதானத் திட்டம் ஒன்றை அனுப்பினார், அந்த மாதமே வில்சன் நிராகரித்தார். அமெரிக்க ஆயர்கள் போப்பை மறுத்துப் பேசவில்லை, வில்சனையும் மறுத்துப் பேசவில்லை. கொலம்பஸ் வீரர்கள் அமைப்பின் குடில்களில் சிகரெட்டும் காப்பியும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒய்.எம்.சி.ஏ. கேன்டீன் நடத்திக் காசு வாங்கியதில் சிப்பாய்களுக்குக் கடுப்பு, அது தனிக்கதை. சால்வேஷன் ஆர்மியிலிருந்து பிரான்ஸுக்குப் போன மார்கரெட் ஷெல்டன், ஹெலன் பர்வியன்ஸ் என்ற இரண்டு பெண்கள், மழையில் நனைந்து கிடந்த பையன்களுக்கு மாவைப் பிசைந்து பொரித்துக் கொடுத்த டோனட், அந்த யுத்தத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. பிரசங்கம் எல்லாம் மறந்துபோச்சு, டோனட் நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்த அமைப்புகள் ஏழும் சேர்ந்து 17 கோடி டாலர் திரட்ட ஒரு நிதி இயக்கம் திட்டமிட்டார்கள். ஆரம்ப நாள் 1918 நவம்பர் 11. அன்றைக்குத்தான் யுத்தம் முடிந்தது! ஆனாலும் 20 கோடிக்கு மேல் வசூலானது.

சரி, மறுத்தவர்கள் பக்கம் வருவோம்.

யுத்தத்துக்கு 5 நாள் முன்னால், ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு. நியூயார்க்கில் யூனிடேரியன் சபையைச் சேர்ந்த மெசையா சர்ச்சில் ஜான் ஹேன்ஸ் ஹோம்ஸ் என்ற போதகர் மேடையேறினார். யுத்தம் வந்தால் நான் அதை ஆசீர்வதிக்க மாட்டேன், ஆள் சேர்க்கும் ஏஜென்டாக இந்த மேடையைப் பயன்படுத்த மாட்டேன், வேண்டாமென்றால் சொல்லுங்கள், விலகிக்கொள்கிறேன் என்றார். அந்தச் சபையினர் என்ன செய்தார்கள் தெரியுமா? நாங்கள் யுத்தத்தை ஆதரிக்கிறோம், ஆனால் எங்கள் போதகர் தன் மனசில் பட்டதைப் பேசும் உரிமையையும் ஆதரிக்கிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்த வருஷத்துக் கதை முழுவதிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. வீரர்களை எல்லாருக்கும் தெரியும். தனக்குப் பிடிக்காததைப் பேசுகிறவனுக்குச் சம்பளம் கொடுத்து மேடையில் நிறுத்திய அந்தச் சாதாரண ஜனங்கள் பேர் யாருக்கும் தெரியாது.

தலைமைக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. செப்டம்பரில் மாண்ட்ரியலில் யூனிடேரியன் மாநாடு. தலைமையில் உட்கார்ந்திருந்தவர் சாதாரண ஆள் இல்லை, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். ஹோம்ஸின் கருத்தை எதிர்த்து அவரே எழுந்து பேசினார். யுத்தத்தை ஆதரித்து ஓட்டெடுப்பு. 236 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போய், யுத்தத்தை மனதார ஆதரிக்காத போதகரை வைத்திருக்கும் சர்ச்சுகளுக்கு நிதியுதவி கிடையாது என்று முடிவெடுத்தார்கள். சுதந்திர சிந்தனைதான் எங்கள் மதம் என்று சொல்லிக்கொள்ளும் பிரிவு இது! ஹோம்ஸ் அந்தச் சங்கத்திலிருந்து வெளியேறினார்.

(இந்த ஹோம்ஸ்தான் 1921 ஏப்ரலில், இன்றைக்கு உலகத்தில் மிகப் பெரிய மனிதர் யார் என்று தலைப்பு வைத்து நியூயார்க்கில் பிரசங்கம் செய்தவர். லெனின் பெயரைச் சொன்னார், ரோமெய்ன் ரோலான் பெயரைச் சொன்னார், கடைசியில் கூட்டத்தில் பாதிப்பேர் கேள்விப்பட்டேயிராத காந்தி என்ற பெயரைச் சொன்னார். 1917-இல் தனியாக நின்ற மனிதருக்குத் துணை தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.)

யூட்டா மாநிலத்தில் எபிஸ்கோபல் பிஷப் பால் ஜோன்ஸ். யுத்தம் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்று சொன்னதால் சக பிஷப்களே நெருக்கி 1918-இல் ராஜினாமா வாங்கிவிட்டார்கள். இன்றைக்கு அதே திருச்சபை அவருக்கென்று நாட்காட்டியில் ஒரு நாள் ஒதுக்கி, செப்டம்பர் 4-இல் நினைவுகூர்கிறது. மாசசூசெட்ஸில் ஏ.ஜே. மஸ்டி என்ற இளம் போதகர் சர்ச்சை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பிற்காலத்தில் கறுப்பர் உரிமைப் போராட்டத்து ஆட்களுக்கு அகிம்சை பழக்கிய குருநாதர் அவர்.

இவர்களுக்கெல்லாம் வேலை மட்டும்தான் போனது. 1917 ஜூனில் உளவுச் சட்டம், 1918 மே மாதம் தேசத்துரோகச் சட்டம் வந்தபின் ஜெயில். வெர்மாண்ட் மாநிலம் விண்ட்சரில் கிளாரன்ஸ் வால்ட்ரன் என்ற போதகர், கிறிஸ்தவன் சண்டை போடக்கூடாது என்று சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார் என்பதற்காக 15 வருஷ தண்டனை (ஒரு வருஷத்தில் விட்டுவிட்டார்கள்). பைபிள் மாணவர்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட, இன்றைய யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் தலைவர் ரதர்ஃபோர்டுக்கும் பெரும்பாலான சகாக்களுக்கும் 20 வருஷம். அதுவும் 1919-இல் மேல்முறையீட்டில் அடிபட்டுப்போனது.

சின்சினாட்டியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பிக்லோ கதை விநோதம். இவர் யுத்தத்தை எதிர்க்கவே இல்லை. நோக்கம் என்னவென்று அரசு தெளிவாகச் சொல்லட்டும் என்று மட்டும் கேட்டவர். 1917 அக்டோபர் 28 சாயங்காலம், ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி பக்கம் ஒரு கூட்டத்தில் பேசப் போனவரைக் கையில் விலங்கு மாட்டிக் காரில் தூக்கிப் போட்டுக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். முகமூடி போட்ட கும்பல். மரத்தில் கட்டிச் சட்டையைக் கழற்றிச் சாட்டையால் அடித்தார்கள். பெல்ஜியத்துப் பெண்கள், குழந்தைகள் பேரைச் சொல்லிச் சொல்லி அடித்தார்களாம்.

கறுப்பர்களின் சர்ச்சுகள் நிலைமை இன்னும் தர்மசங்கடம். உலகத்தை ஜனநாயகத்துக்குப் பத்திரமாக்குவோம் என்று வில்சன் பேசுகிறார், அதே வில்சனின் அரசாங்கம் அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கிறது. அடிமையாகப் பிறந்து வாஷிங்டனில் பெரிய சர்ச்சின் போதகராக உயர்ந்த பிரான்சிஸ் கிரிம்கே அந்த வாய்ஜாலத்துக்கு மயங்கவில்லை. மெம்ஃபிஸைச் சேர்ந்த பிஷப் சார்லஸ் மேசன், இரத்தம் சிந்துவது தப்பு என்று போதித்ததற்காக 1918-இல் மிசிசிப்பியில் கைதானார். அரசாங்க உளவாளிகள் பின்னாலேயே அலைந்தார்கள், வழக்கு நிற்கவில்லை. மெம்ஃபிஸில் அவர் பெயரில் கட்டிய மேசன் டெம்பிளில்தான் 1968 ஏப்ரல் 3-இல் மார்ட்டின் லூதர் கிங் தன் கடைசிப் பேச்சைப் பேசினார்.

இனி நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த கதை.

சான்பிரான்சிஸ்கோ போகும் தேசிகள் எல்லாரையும் போல நானும் படகு ஏறி அல்கட்ராஸ் சிறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அல் கபோன் இருந்த இடம் எது என்று தேடி, கம்பிக்குப் பின்னால் நின்று இளித்து போட்டோ எடுத்துக்கொண்டேன். என் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று அப்போது தெரியாது.

ஹட்டரைட்டுகள் என்று ஒரு சின்னச் சமூகம். 16-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பக்கம் தோன்றியவர்கள், அவர்களுடைய தலைவர் யாக்கோப் ஹட்டரை 1536-இல் இன்ஸ்ப்ரூக்கில் உயிரோடு எரித்தார்கள். சொத்தெல்லாம் பொது, எல்லாரும் சேர்ந்து உழைத்து, ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆயுதம் தொடமாட்டார்கள். ரஷ்யாவில் இருந்தபோது கட்டாய ராணுவ சேவை வந்ததால், 1870-களில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கு டகோட்டாவுக்கு ஓடிவந்தவர்கள். பேசுவது ஜெர்மன். 1917-இல் அமெரிக்காவில் இது இரண்டு குற்றம்.

ஆள்சேர்ப்புச் சட்டம் 1917 மே மாதம் வந்தது. குவேக்கர், மென்னோனைட், பிரதரன், ஹட்டரைட் மாதிரி சமாதான சபைகளைச் சேர்ந்தவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் துப்பாக்கி தூக்குவதிலிருந்து மட்டும்தான். முகாமுக்கு வந்தாகணும், சீருடை போட்டாகணும், சமையலோ ஆஸ்பத்திரியோ ஏதோ ஒரு வேலை செய்தாகணும். 64,000 பேருக்கு மேல் விலக்குக் கேட்டார்கள். விலக்குக்குத் தகுதி என்று ஏற்கப்பட்டு முகாமுக்கு வந்தவர்கள் 20,000 பேருக்கு மேல். அங்கே மிரட்டலும் அடியும் கேலியும் தாங்கிக் கடைசி வரை மறுத்து நின்றவர்கள் ஏறக்குறைய 4,000. ராணுவ நீதிமன்றங்கள் 17 பேருக்கு மரண தண்டனையும் 142 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தன. மரண தண்டனை எதையும் நிறைவேற்றவில்லை.

குவேக்கர்கள் இதிலே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1917 ஏப்ரல் 30-இல் பிலடெல்பியாவில் ரூஃபஸ் ஜோன்ஸ் போன்றவர்கள் கூடி ஒரு சேவைக் குழுவை ஆரம்பித்தார்கள். கொல்ல மாட்டோம், ஆனால் சும்மா உட்காரவும் மாட்டோம் என்று ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் 100 இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இடிந்த பிரெஞ்சு கிராமங்களைக் கட்டியெழுப்ப அனுப்பினார்கள். அந்தக் குழு 1947-இல் நோபல் சமாதானப் பரிசை பிரிட்டிஷ் குவேக்கர்களோடு பகிர்ந்துகொண்டது. குவேக்கர்கள் படித்தவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள், வாஷிங்டனில் செல்வாக்குள்ளவர்கள். ஹட்டரைட்டுகளுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

1918 மே கடைசியில் ராக்போர்ட் காலனியிலிருந்து நாலு பேர் ரயில் ஏறினார்கள். ஜோசப், மைக்கேல், டேவிட் என்ற ஹோஃபர் சகோதரர்கள் மூவர், அப்புறம் உறவுக்காரர் ஜேக்கப் விஃப். எல்லாரும் குடும்பஸ்தர்கள், விவசாயிகள். ரயிலிலேயே மற்ற பையன்கள் பிடித்துத் தாடியை வெட்டிவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்து லூயிஸ் முகாமில் சீருடை போடச் சொன்னார்கள், மறுத்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் 20 வருஷ தண்டனை கொடுத்து அல்கட்ராஸுக்கு அனுப்பியது. அப்போது அது ராணுவச் சிறை.

அடித்தளத்தில் இருட்டறை. கடல் ஈரம் கசியும் தரை. சீருடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, குளிர்ந்தால் போட்டுக்கொள் என்றார்கள். உள்ளாடையோடு கிடந்தார்கள், போடவில்லை. முதல் சில நாட்கள் சாப்பாடு கிடையாது, கொஞ்சம் தண்ணீர். கால் நுனி மட்டும் தரையில் படும்படி கைகளை மேலே கம்பியில் சங்கிலியால் கட்டினார்கள்.

நவம்பர் 11-இல் யுத்தம் முடிந்துவிட்டது. இவர்களுக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு, அதே நவம்பரில், கான்சாஸின் லெவன்வொர்த் சிறைக்கு ரயிலில் கொண்டுவந்தார்கள். ராத்திரியில் ஸ்டேஷனிலிருந்து மேட்டில் நடத்தி, வியர்த்து வந்தவர்களைக் குளிரில் வெளியே நிற்க வைத்தார்கள். ஜோசப்பும் மைக்கேலும் நிமோனியாவில் விழுந்தார்கள். ஜோசப்பின் மனைவி மரியா தெற்கு டகோட்டாவிலிருந்து வந்து சேர்ந்தார். நவம்பர் 29-இல் ஜோசப் இறந்தார். உடலைப் பார்க்க வேண்டும் என்று மரியா போராடி உள்ளே போய்ச் சவப்பெட்டியைத் திறக்க வைத்தார். உள்ளே ஜோசப் ராணுவச் சீருடையில் படுத்திருந்தார். அந்தத் துணியை உடம்பில் போடமாட்டேன் என்றுதான் அவ்வளவையும் தாங்கினார். செத்தபின் போட்டுவிட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 2-இல் மைக்கேலும் போனார். சகோதரர் டேவிட்டை மட்டும் உடல்களோடு ஊருக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரிலேயே, கைகளைக் கம்பியில் கட்டிவைக்கும் தண்டனையை யுத்தத் துறைச் செயலர் நியூட்டன் பேக்கர் ரத்து செய்தார். ஜேக்கப் விஃப் அடுத்த வருஷம் ஏப்ரலில்தான் விடுதலை. அதற்குள் ஹட்டரைட் காலனிகளில் பெரும்பாலானவை நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டு கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. ரஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்கள், அமெரிக்காவிலிருந்தும் ஓடினார்கள்.

நான் தங்கியிருந்த ஊரிலிருந்து லெவன்வொர்த் காரில் கொஞ்ச தூரம்தான். எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்பேன், கணக்கில்லை.

அப்புறம் மொழி விஷயம், பேன்கேக் தாத்தா சொன்னது. லூத்தரன் சர்ச்சுகளில் லட்சக்கணக்கான பேர் ஜெர்மன் வம்சாவளி. கடன் பத்திரம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பினார்கள், ஆனாலும் சந்தேகம் போகவில்லை. 1918 மே 23-இல் அயோவா கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஒரு ஆணை போட்டார். பொது இடம், ரயில், டெலிபோன், பள்ளிக்கூடம், சர்ச், எங்கேயும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. ஜெர்மன் மட்டும் இல்லை, டேனிஷ், நார்வேஜியன், செக் எல்லாம் சேர்த்து. வேறு மொழியில் ஜெபம் பண்ணுவது வீண், கடவுள் ஆங்கிலத்துக்குத்தான் காது கொடுக்கிறார் என்கிற மாதிரிப் பேசியவர் இவர். கடவுளுக்கு எந்த மொழி புரியும் என்ற சண்டை நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இந்தச் சூடு யுத்தம் முடிந்தும் ஆறவில்லை. நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற லூத்தரன் பள்ளி ஆசிரியர் 1920 மே மாதம் பத்து வயதுப் பிள்ளைக்கு பைபிள் கதையை ஜெர்மனில் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 25 டாலர் அபராதம். அவர் கட்டவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போய் 1923-இல் 7-க்கு 2 என்று ஜெயித்தார். பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு.

சரி, கொடி பிடித்துக் கிளப்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? இதுதான் கடைசி.

நியூயார்க்கின் புகழ்பெற்ற போதகர் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக், 1917-இல் யுத்தத்தை ஆதரித்துப் புத்தகம் எழுதியவர், மறு வருஷம் பிரான்ஸுக்கே போய்ச் சிப்பாய்களிடம் பேசியவர். சில இடங்களில் தாக்குதலுக்குப் புறப்படும் பையன்கள் முன்னால் பேசிவிட்டு, அவர்கள் இருட்டில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். 1933 நவம்பரில், யுத்தநிறுத்த நினைவு ஞாயிறன்று, ரிவர்சைடு சர்ச்சில் மேடையேறி, பெயர் தெரியாத சிப்பாயின் கல்லறையிடம் கணக்குத் தீர்க்கிற மாதிரி ஒரு பிரசங்கம் செய்தார். உன்னை அனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு, இனி எந்த யுத்தத்தையும் ஆசீர்வதிக்க மாட்டேன் என்பது அதன் சாரம். 1941-க்குப் பிறகும் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். அவர் தனி ஆள் இல்லை. 1931-இல் கிர்பி பேஜ் என்பவர் போதகர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியபோது 19,000 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். அதில் 62 சதவீதம் பேர், இனி சர்ச் எந்த யுத்தத்தையும் ஆதரிக்கக் கூடாது என்றார்கள். மெக்கிம், ஹில்லிஸ், சண்டே எல்லாரும் என்ன பேசினார்கள் என்று தோண்டியெடுத்து ரே ஆப்ரம்ஸ் 1933-இல் ஒரு புத்தகமே போட்டு மானத்தை வாங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 62 சதவீதம் மனம் மாறிய காலத்தில் ஜெர்மனியில் ஹிட்லர் வந்துகொண்டிருந்தார். ஃபாஸ்டிக் தப்பான யுத்தத்தில் சரியென்றும், சரியான யுத்தத்தில் தப்பென்றும் சொல்லிவிட்டார் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் ஜெர்மன் சபையொன்றின் இளம் போதகராக 1917-இல் யுத்தத்தை ஆதரித்து, பின்னால் சமாதானவாதியாகி, மறுபடியும் மாறி, ஹிட்லரை எதிர்த்தே ஆகணும் என்று 1941-இல் தனிப் பத்திரிகை ஆரம்பித்த ரைன்ஹோல்ட் நீபுர் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எனக்கு அதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னொரு நாள் தனிப்பதிவாக எழுதுகிறேன்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு தடவை அந்தச் சர்ச்சுக்குப் போனேன். கொடி அங்கேயேதான் இருந்தது. தாத்தா வெளியே கூட்டிவந்து பின்பக்கக் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். பழைய கற்களில் எழுத்தெல்லாம் ஜெர்மன். ஒரு வரிசைக்கு அப்புறம் ஆங்கிலம். எந்த வருஷத்தில் மாறுகிறது என்று குனிந்து பார்த்தேன்.